பம்மலில் நின்றுவிட்ட வலது கால்

பம்மல் துரைராஜ் ஒரு யுத்தத்தை நிறுத்திவிட்டார் என்று பேச்சு. பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஏறுகிறவர் பம்மலில் இறங்குவதற்குள் இதை ஒரு தடவையாவது கேட்டுவிடலாம். ஒருவர் சொல்லும்போது துரைராஜ் வெளிநாட்டுத் தளபதியின் போனைப் பாதியில் வைத்துவிடுகிறார். இன்னொருவர் சொல்லும்போது காலில் விழுந்து கெஞ்சிய ஏஜெண்டைத் தெருமுனை வரை துரத்துகிறார். மூன்றாவது ஆள், அதெல்லாம் சும்மா சார், ரேட்டு ஏத்திக் கேட்டான், கொடுக்கல, இப்போ தர்மம்னு சொல்லிக்கினு திரியறான் என்கிறார். மூன்று பேருமே பக்கத்தில் நின்று பார்த்தவர்கள்.

கை காட்டினால் தண்ணீர் லாரிகூட நிற்காத தெருவில் இருந்துகொண்டு ஒருவர் யுத்தத்தை நிறுத்தினார் என்றால் விசாரிக்காமல் விடக்கூடாது. விசாரித்ததில் கிடைத்தது இவ்வளவுதான்.

நாடுகளின் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்ட இரண்டுமே நம் நாட்டோடு சிநேகமாக இருப்பவை. இரண்டின் தலைவர்கள் வந்தாலும் நாம் ஒரே மாதிரி மாலைதான் போடுகிறோம். ஒன்றை பூட்ஸ்கார நாடு என்றும், அதன் எல்லைக்கு அந்தப்பக்கம் இருப்பதைப் பக்கத்து நாடு என்றும் வைத்துக்கொள்ளலாம். துரைராஜின் யூனிட்டிலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

துரைராஜுக்கு ஐம்பத்தாறு வயது. ஊரின் பழைய குடும்பம். ஏரிக்கரையில் இருந்த கழனியை அப்பா ஒரு தோல் தொழிற்சாலைக்கு விற்றார். அதே தொழிற்சாலையில் மகன் கூலிக்குப் போனார். தொழிற்சாலை மூடியபோது கிடைத்த பணத்தில் தையல் மெஷின்கள் வாங்கி, வீட்டின் கீழ்த்தளத்தில் யூனிட் போட்டார். மேலே குடித்தனம். ஏற்றுமதிக் கம்பெனி தோலை வெட்டிக் கொடுக்கும். அதைத் தைத்து பூட்ஸின் மேல்பாகமாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடிப்பாகம் ஒட்டுவது, பெட்டியில் போடுவது, கப்பல் ஏற்றுவது எல்லாம் வேறு ஆட்கள் பாடு.

பதினாறு மெஷின்களோடு தொழிலில் இத்தனை வருடம் நின்றதற்கு அவருடைய ரகசியம் ஒரே ஒரு சொல். ‘பாக்கலாம்.’ ஆமாம் என்றும் இல்லை என்றும் துரைராஜ் சொல்லி யாரும் கேட்டதில்லை. வாலிபத்தில் இரண்டு தாய்மாமன்கள் பெண் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இருவரிடமும் பாக்கலாம் என்றார். கடைசியில் திருநீர்மலையிலிருந்து சுந்தரவல்லியைக் கட்டிக்கொண்டு வந்தார். இரண்டு மாமன்களும் இன்றுவரை சமமாக முறைக்கிறார்கள். தொழிற்சாலையில் சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது அவருக்கு மஞ்சள் காமாலை. உண்மையான காமாலைதான், டாக்டர் சீட்டு இருந்தது. ஆனாலும் அது வந்த நேரம் அப்படி. தேர்தல் வந்தால் காம்பவுண்டுச் சுவரில் கிழக்குப் பாதி ஒரு கட்சிக்கு, மேற்குப் பாதி எதிர்க்கட்சிக்கு. நடுவில் ஒரு முழம் வெள்ளையாக விட்டுவைப்பார். கேட்டால் காற்று வாங்குவதற்கு என்பார். அணிசேராக் கொள்கை என்று டில்லியில் பெரிய புத்தகம் எல்லாம் போட்டார்கள். துரைராஜ் அதைச் சுண்ணாம்பில் எழுதிவைத்திருந்தார்.

இந்த மனிதரிடம்தான் போன வருடம் அந்த பூட்ஸ் ஆர்டர் வந்தது. கொண்டுவந்தவர் தயாளன். ஏற்றுமதிக் கம்பெனிக்கும் சின்ன யூனிட்டுகளுக்கும் நடுவில் ஓடுகிற ஏஜெண்ட். துரைராஜுக்குத் தூரத்து உறவில் மச்சான் முறை.

கறுப்பு பூட்ஸ், கணுக்காலுக்கு மேல் வரை. முன்பு ஒரு தடவை இதே மாதிரி தைத்துக் கொடுத்திருந்தார்கள். இது அதைவிடப் பெரியது. மற்ற ஷூ என்றால் ஒரு ஜோடியின் இரண்டு காலும் ஒரே தோலில் வர வேண்டும், இல்லாவிட்டால் நிறம் மாறும். கறுப்புக்கு அந்தக் கவலை கிடையாது. அதனால் கறுப்பு ஆர்டர் வந்தால் துரைராஜ் யூனிட்டை இரண்டாகப் பிரித்துவிடுவார். ஜன்னலோர மேஜை முழுக்க இடது கால். சுவரோர மேஜை முழுக்க வலது கால். ஒரே காலைத் தைத்துத் தைத்துக் கை பழகிவிடும், வேகம் வரும். இடது மேஜைக்குத் தலைவி ஜெயஸ்ரீ. அனகாபுத்தூரில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள், புருஷன் இருக்கிறான் என்று சொல்லிக்கொள்கிற அளவுக்கு ஒரு புருஷன். வலது மேஜைக்குப் பச்சையம்மா. யூனிட் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள். அவளுடைய ஒரே மகன் தீனா, யூனிட்டிலேயே படுத்துத் தூங்கி வளர்ந்தவன், இப்போது பக்கத்து நாட்டில் ஏசி மெக்கானிக்.

ஆர்டரில் பாதி முடிந்து கம்பெனிக்குப் போயிருந்தபோது ஒரு மத்தியானம் தீனா அம்மாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினான். டிவியில் ஓடிய செய்தியைப் போனில் பிடித்தது. பூட்ஸ்கார நாட்டுப் பட்டாளம் லாரியிலிருந்து குதித்துக் குதித்து இறங்குகிறது. படம் பிடித்தவன் ஏனோ கால்களையே காட்டுகிறான். பின்னால் தீனாவின் குரல்: “பார்டர்ல வந்து குந்திக்கினு கீறானுங்கோமா. நீ பயப்படாத. நம்மளுக்கு ஒண்ணியும் இல்ல.”

பச்சையம்மா சோற்றுக் கையைக் கழுவாமலே போனைத் தூக்கிக்கொண்டு துரைராஜிடம் வந்தாள்.

“இத்த பாரு தொர. இது நம்ம பூட்ஸா இல்லியா?”

துரைராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். படம் புழுதியும் புகையுமாக இருந்தது.

“ஒலகத்துல எல்லா பட்டாளத்து பூட்ஸும் கறுப்புதான்கா.”

“கறுப்பு எனக்கும் தெரியும். கணுக்கால்ல மூணு வரி தையல் கீது பாரு. நாலு வரி போடறேன்னதுக்கு நூலு வேஸ்ட்டுன்னு சொன்னது யாரு?”

அவர்தான் சொன்னார். ஆனால் படத்தில் தெரிந்தது மூன்று வரியா, நிழலா, மடிப்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை. வேறு யாராலும் சொல்ல முடியாது. உலகத்தில் மூன்று வரி தைக்கிற கஞ்சர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம்.

“பாக்கலாம்கா” என்றார்.

“நீ பாத்துக்கினே இரு. நான் இனிமே இத்த தெக்க மாட்டேன். ஆர்டர வாணாம்னு சொல்லு, திருப்பிக் குடுன்னு நான் சொல்லல. அது உன் தொழிலு. ஆள வெச்சி தெச்சிக்கோ, நான் கோச்சிக்க மாட்டேன். பெல்ட்டு கில்ட்டு இருந்தா குடு, மூலையில குந்திக்கினு செஞ்சிட்டுப் போறேன்.”

சண்டை போட்டிருந்தால் துரைராஜுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டைக்கு அவரிடம் மருந்து உண்டு. கோபப்படமாட்டேன் என்று சொல்லிவிட்டவளை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வலது மேஜையில் மற்ற பெண்களும், அக்கா தைக்காததை நாங்கள் எப்படித் தைப்பது என்று நூலைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

இடது மேஜை சும்மா இருக்குமா? மறுநாள் காலை ஜெயஸ்ரீ மெஷினை நிறுத்திவிட்டுச் சத்தமாகவே கேட்டாள்.

“பச்சையம்மாக்கா, நீங்க வலது கால நிறுத்திட்டீங்க. நான் தெச்ச இடது கால் மட்டும் இன்னா, நொண்டியடிச்சிக்கினு போவுமா?”

“நொண்டியடிச்சா நல்லதுதான்டி. பார்டருக்கு மெதுவா வந்து சேருவான்.”

பெண்கள் சிரித்தார்கள். ஜெயஸ்ரீயும் சிரித்துவிட்டாள், சிரித்ததற்காகவே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

“உங்க புள்ள அங்க கீறான், சரி. என் புள்ளைங்க இங்க கீதுங்கக்கா. ஸ்கூல் தொறக்கப் போறாங்க. அவங்க பட்டாளம் போடாத பூட்ஸால எனக்கு இன்னா லாபம்? அண்ணா, நீங்களே சொல்லுங்க. யாரு பக்கம்?”

இரண்டு மேஜையும் துரைராஜைத் திரும்பிப் பார்த்தன. அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது கிறீச்சிட்டுக்கொண்டு இருந்தது. எண்ணெய் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

போனது குரோம்பேட்டைப் பக்கம் காலனியில் இருக்கும் ராஜகோபாலன் வீட்டுக்கு. டில்லியில் ஒரு பெரிய அமைச்சகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அந்தப் பகுதியில் வெளியுறவு சார் என்றால்தான் தெரியும். சாயங்காலம் பூங்காவில் நாலு பேர் உட்கார்ந்தால் இவர்தான் ஐ.நா. சபை. எந்த நாடு எந்த நாட்டோடு பேச வேண்டும், யாரை எங்கே வைக்க வேண்டும் என்று இருட்டுவதற்குள் முடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார்.

துரைராஜ் விஷயத்தைச் சொன்னதும் ராஜகோபாலன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் அவர் மேஜைக்கு வந்ததில்லை.

“இதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு துரைராஜ். முதல்ல, ஆழ்ந்த கவலைன்னு சொல்லணும். ரெண்டு தரப்பும் பேசித் தீத்துக்கணும்னு சொல்லணும். சொல்லிண்டே தைக்கணும்.”

“தெச்சிக்கினே கவலப்படறதா சார்?”

“கவலை வாய் படறது. தையல் கை பண்றது. ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்ட்.”

உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்த அவர் மனைவி ரமா குரல் கொடுத்தாள். “அவர் பேச்சைக் கேக்காதீங்கோ. அங்க அவர் நாற்காலி வாங்கற செக்‌ஷன். எம்பஸிக்கெல்லாம் சோபா அனுப்பிண்டிருந்தார்.”

ராஜகோபாலன் கொஞ்சமும் அசரவில்லை. “நாற்காலிதான். ஆனா அதுலதான் எல்லாம் கத்துண்டேன். எந்த நாட்டுக்கு தேக்கு, எந்த நாட்டுக்கு பிளைவுட்னு முதல்லயே முடிவு பண்ணிடுவா. அப்புறம்தான் அதுக்கு ஒரு கொள்கை எழுதுவா. நான் சொல்றது கேளுங்கோ. தர்மம் பேசறதுக்கு முதல்ல பலம் வேணும். பதினாறு மெஷின் வச்சிண்டு தர்மம் பேசினா அதுக்குப் பேரு பட்டினி.”

துரைராஜ் காப்பியை ஆற்றினார். குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“அப்போ எத்தினி மெஷின் இருந்தா பேசலாம் சார்?”

ராஜகோபாலன் யோசித்தார். தலைக்கு மேல் சுவரில் ஒரு பெரிய உலக வரைபடம் தொங்கியது. அதைக்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“அது யாரும் சொன்னதில்லையே” என்றார். “ரொம்ப நிறைய மெஷின் வச்சிண்டிருக்கறவாகூட, இன்னும் கொஞ்சம் வந்துடட்டும்னுதான் சொல்லிண்டிருக்கா.”

தயாளன் காதுக்கு விஷயம் அதற்குள் போய்விட்டது. மறுநாளே வண்டியில் வந்து இறங்கினார். யூனிட்டுக்குள் நுழையாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலிலேயே நின்று பேசினார். பேசியது மொத்தமும் உள்ளே கேட்க வேண்டும் என்றுதான்.

“இன்னா மச்சான், கேக்கறது நெசமா? பூட்ஸ் இன்னா துப்பாக்கியா? பூட்ஸு இல்லன்னா சண்ட போட மாட்டானா? வெறுங்கால்ல நின்னு சுடுவான், அவ்ளோதான். முள்ளு குத்துன கோவத்துல ரெண்டு குண்டு சேத்து போடுவான்.”

“எங்க போவுதுன்னு மொதல்லயே சொல்லலியே தயாளா. ஃபேக்டரிக்குன்னு சொன்ன.”

“ஆமா, பட்டாளமும் ஒரு ஃபேக்டரி மாரிதான். உப்பும்தான் பட்டாளத்துக்குப் போவுது, உப்பளத்துக்காரன் குந்தி அழுவுறானா? நீ தெக்கலன்னா நாகல்கேணில தெப்பான். அவன் தெக்கலன்னா ஆம்பூர்ல தெப்பான். பூட்ஸ் போவும். நீதான் போவ மாட்ட.” குரலைத் தாழ்த்தினார், இந்தப் பகுதி உள்ளே கேட்க வேண்டியதில்லை. “மச்சான், வெள்ளிக்கிழம வண்டி வரும். ரெண்டு காலும் ரெடியா இருக்கணும். இல்லன்னா ஸ்கூல் ஷூ ஆர்டரும் வராது, ஒரு மயிரும் வராது. கம்பெனில உன் பேர மறந்துடுவாங்க. நான் சொல்றது மெரட்டல் இல்ல, பாசம்.”

அவர் சொன்னது அத்தனையும் சரி. துரைராஜுக்கு அதுதான் பேஜாராக இருந்தது. தயாளன் பொய் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். பள்ளிக்கூட ஷூ ஆர்டர்தான் யூனிட்டுக்கு வருடம் முழுக்கச் சோறு. அது போனால் இரண்டு மேஜை இல்லை, ஒரு மேஜைகூடத் தாங்காது. அது போகக் கூடாது என்றால் பச்சையம்மாவின் பிள்ளை இருக்கிற ஊரை நோக்கி நடக்கப்போகிற வலது காலைத் தைக்க வேண்டும். நடுவில் ஒரு முழம் வெள்ளையாக விட இதில் இடம் இல்லை.

நாகல்கேணிக்குப் போய் நாலு தையல்காரப் பெண்களைப் பேசிவைத்துவிட்டு வந்தார். நாளைக் காலை வருகிறோம் என்றார்கள். அதுவரை மெஷின் சும்மா கிடக்கிறதே என்று மத்தியானம் அவரே வலது மேஜையில் உட்கார்ந்தார். பச்சையம்மா மூலையில் பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தாள். தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கை மறக்கவில்லை. கணுக்கால் மடிப்பில் முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியில் இருக்கும்போது பச்சையம்மாவின் போன், அவள் விட்டுப்போன இடத்தில், அதே மேஜையில், அடித்தது. திரையில் தீனாவின் முகம். துரைராஜ் எடுத்தார்.

“மாமா! இன்னா, அம்மா எங்க?”

“தண்ணி புடிக்கப் போயிகீதுடா. நீ எப்டிகீற?”

“சூப்பரா கீறேன். இங்க கொஞ்சம் டென்சன்தான். கடையெல்லாம் சீக்கிரம் மூடிடறானுங்கோ. ரூம்ல அரிசி பருப்பு எல்லாம் வாங்கி வெச்சிட்டோம். அம்மா கைல சொல்லாத.” பிறகு அவன் முகம் திரைக்கு நெருங்கி வந்தது. “இன்னா மாமா, நீயே மெஷின்ல குந்திக்கினு கீற? அவ்ளோ பெரிய ஆர்டரா? இன்னா தெக்கிற, காட்டு!”

துரைராஜின் கை பூட்ஸை மேஜைக்கு அடியில் தள்ளியது.

தள்ளிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சின்ன வயதில் தீனா அந்த மேஜைக்கு அடியில்தான் தூங்குவான். அவனுக்கு யூனிட்டில் தெரியாத மூலை கிடையாது. யாரும் அவனிடம் எதையும் மறைத்ததும் கிடையாது.

“பெல்ட்டுடா” என்றார். “ஸ்கூல் பெல்ட்டு.”

“நல்லா இரு மாமா. ஸ்கூல் அயிட்டம்னா எப்பவும் ஓடும்.”

போனை வைத்துவிட்டு அந்த ஒற்றை பூட்ஸை மறுபடி மேலே எடுத்தார். மூன்றாவது வரி பாதியில் நின்றிருந்தது. ஊசியை உயர்த்தினார். பிறகு நூலை அறுத்தார். எழுந்து போய் நாகல்கேணிக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்றார். ஏன் அண்ணா என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். ஆழ்ந்த கவலைகூட ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. துரைராஜ் தயாளனிடம் என்ன சொன்னார் என்பதைப் பற்றித்தான் பம்மலில் பல பாடங்கள் உலவுகின்றன. ‘என் ஊசி யுத்தத்துக்குக் குத்தாது’ என்று முழங்கியதாக ஒரு பாடம். மேடையில் பேச நல்ல வரி, ஆனால் அவர் சொல்லவில்லை. அங்கிருந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்ததில், வாயிலிருந்து வந்தது இதுதான்:

“தயாளா, இடது கால் ரெடி. வலது கால் தோலு வெட்டுனது வெட்டுனபடி மூட்டையில கீது. அத்த நீயே எடுத்துனு போய்டு.”

தோல் கம்பெனியுடையது, திருப்பித்தானே ஆக வேண்டும். தைத்த இடது கால்கள் எல்லாம் பெட்டியிலும், தைக்காத வலது கால்கள் துண்டு துண்டாகச் சாக்கிலும் ஏறின. தயாளன் வண்டியையும் துரைராஜையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா மச்சான் இது? குடுக்கறதுன்னா குடு, குடுக்க மாட்டன்னா மொத்தமா மாட்டன்னு சொல்லு. இது இன்னா கணக்கு, பாதி?”

“ஜெயஸ்ரீ தெச்சிட்டா. அவ கூலி அவளுக்கு வரணும் இல்ல?”

வண்டி போன பிறகு இரண்டு மேஜையும் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டன. பச்சையம்மா கேட்டாள்: “பாதி அனுப்பிட்ட. பாதி பாவம்னா பாவம் இல்லியா தொர?” ஜெயஸ்ரீ கேட்டாள்: “பாதி ஆர்டருக்குக் கூலி குடுத்துட்டு, மீதி வருஷத்துக்கு இன்னாண்ணா பண்றது? பாதி வயிறா?” இரண்டு கேள்வியும் ஒரே மனிதரிடம் ஒரே நேரத்தில் வந்ததால், எதற்கும் பதில் சொல்லாமல் தப்பிக்க முடிந்தது. இது ஒன்றுதான் அன்று அவருக்கு வாய்த்த சௌகரியம்.

ராஜகோபாலன் மட்டும் பூங்காவில் பரவசப்பட்டுப் போனார். “பாத்தேளா? ஆர்டரும் நிறைவேத்தலை, மறுக்கவும் இல்லை. ரெண்டு பக்கமும் திட்டறான்னா கொள்கை சரியா இருக்குன்னு அர்த்தம்” என்றார். கூட இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். அவர்கள் யாருக்கும் கூலி நிற்கவில்லை.

இனி யுத்தத்துக்கு வருவோம். யுத்தம் நின்றது உண்மை. சரியாகச் சொன்னால், தொடங்கவே இல்லை. கொஞ்ச நாளில் பூட்ஸ்காரப் பட்டாளம் லாரியேறித் திரும்பிப் போனது. பெரிய நாடு ஒன்று இரண்டு தரப்பையும் ஒரு ஹோட்டலுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தது. எண்ணெய் விலை என்றார்கள், தேர்தல் என்றார்கள், ஆளுக்கு ஒரு காரணம். வலது கால்களை நாகல்கேணியிலேயே வேறொரு யூனிட்டில், துரைராஜ் பேசிவைத்த அதே பெண்களை வைத்துத் தைத்தார் தயாளன். ஜோடி சேர்ந்து கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லையில் யாரும் இல்லை. பூட்ஸ் தாமதமானதால் பட்டாளம் திரும்பியதா என்றால், கப்பல் அட்டவணையைப் பார்த்தவரை, இல்லை. பட்டாளத்துக்கு ஏற்கெனவே காலில் ஏதோ இருந்தது. ஆனால் துரைராஜ் வலது காலை நிறுத்தியதும் பட்டாளம் நின்றதும் ஒரே பருவத்தில் நடந்துவிட்டன. ஷேர் ஆட்டோவுக்கு அது போதும்.

ரேட் ஏற்றிக் கேட்டார் என்ற மூன்றாவது ஆளின் செய்தியையும் விசாரித்தாயிற்று. கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று மனைவி சுந்தரவல்லி சொல்கிறாள்.

துரைராஜிடமே நேராகக் கேட்டவர்களும் உண்டு. ‘நானா? நான் இன்னா பண்ணேன்? தோலத் திருப்பிக் குடுத்தேன்’ என்பார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வார்.

தீனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊருக்கு வந்துவிடுவான் என்று பச்சையம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அவன் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன் செய்தான். இப்போது சம்பளம் கூடியிருக்கிறதாம், பயந்துகொண்டு நிறையப் பேர் கிளம்பிவிட்டதால். பச்சையம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

பள்ளிக்கூட ஷூ ஆர்டர் வரவில்லை. தயாளன் சொன்னபடியே கம்பெனியில் பெயரை மறந்துவிட்டார்கள். துரைராஜ் எட்டு மெஷின்களை விற்றார். மீதி எட்டில் பெல்ட்டு, பர்ஸ், ஐடி கார்டு வார் என்று ஓடுகிறது. விற்றவை ஜன்னலோர மேஜையின் மெஷின்கள். அந்த மேஜைக்குத்தான் வெளியே வேலை சீக்கிரம் கிடைக்கும், கை வேகம் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு சரி. ஜெயஸ்ரீக்கு நாகல்கேணியில், அந்த வலது கால்களைத் தைத்து முடித்த யூனிட்டிலேயே இடம் கிடைத்தது. முன்பு இருந்ததைவிட இரண்டு பஸ் தூரம். கடைசிக் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர யாரும் இல்லை என்று அதைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போகிறாள். பச்சையம்மாவின் பிள்ளைக்காக நிறுத்திய காலின் பாரம் ஜெயஸ்ரீயின் பிள்ளை மேல் போய் இறங்கியிருக்கிறது. துரைராஜுக்கு இது தெரியும். யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் அவளை எதிரே பார்த்தார். பழைய இரும்பும் பூச்செடியும் கூண்டுக்கிளியும் விற்கிற நெரிசலில் ஒதுங்கிக்கொள்ள இடம் இல்லை. இருந்திருந்தால் ஒதுங்கியிருப்பார்.

“இன்னாண்ணா, யுத்தத்தயெல்லாம் நிறுத்திட்டீங்களாமே. எங்க யூனிட்ல கூட பேசிக்கறாங்க.”

“நீ வேற ஜெயஸ்ரீ. வூட்ல எல்லாம் சௌக்கியமா?”

“சௌக்கியம். அந்தச் சௌக்கியத்துல ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். ஒரு ஆர்டரு லாட்டு முடிஞ்சா ரெண்டு மேஜைக்கும் பிரியாணி போடுவீங்க. எத்தினி வருஷமா போட்டீங்க. எங்க மேஜ லாட்டு முடிச்சி, எண்ணிக் குடுத்து, வண்டி ஏத்தினாங்க. எங்க பிரியாணி எங்கண்ணா?”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். கடைசி வார்த்தை வரும்போது விளையாட்டு இல்லை.

துரைராஜ் கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்தார். போடாமல் விட்டது மறதியினால் அல்ல. அன்று பிரியாணி போட்டிருந்தால் பச்சையம்மா, எதுக்குப் பிரியாணி, பூட்ஸ் போனதுக்கா என்று கேட்டிருப்பாள். போடாததற்கு ஜெயஸ்ரீ, எதுக்குப் போடல, நாங்க வேல செஞ்சதுக்கா என்று இப்போது கேட்கிறாள். ஒரே அண்டா, அதை அடுப்பில் ஏற்றினால் ஒரு பாவம், ஏற்றாவிட்டால் ஒரு பாவம்.

“வாங்கித் தரேன் ஜெயஸ்ரீ. இங்கியே பக்கத்துல கடை கீது. வா.”

“இன்னிக்கு வெள்ளிக்கிழம. நான் தொட மாட்டேன். அதுவும் எனக்கு ஒருத்திக்கு இல்ல. மேஜைக்கு. எட்டுப் பேரையும் கூப்புடணும். எல்லாம் எட்டு எடத்துல வேல செய்யுதுங்க. ஞாயித்துக்கிழமைதான் லீவு.”

“ஞாயித்துக்கிழமையே போட்டுடலாம்.”

“எந்த ஞாயித்துக்கிழம?”

அதற்குள் அனகாபுத்தூர் ஆட்டோ வந்து நின்றது. ஜெயஸ்ரீ கூடையை முதலில் ஏற்றி, பின்னால் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டு, பதிலுக்காகத் தலையை வெளியே நீட்டினாள். டிரைவர் ஹாரன் அடித்தார். துரைராஜ் ஏதோ சொன்னார். கிளிக்காரன் கூவிய கூவலில் அது அவளுக்குக் கேட்டிருக்காது.

இதுவரை நாலு ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது. எட்டுப் பேருக்கான அரிசி பெரிய விஷயம் இல்லை; அண்டா யூனிட்டிலேயே இருக்கிறது. எங்கே வைத்துப் போடுவது, பச்சையம்மாவைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதுதான் முடிவாகவில்லை.